நூறு பேரில் எத்தனை பேருக்கு

மாசானமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்து நான்கு வருடம் பாளையங்கோட்டையில் ஒரே குளிர் அறைக்குள் கழிந்திருந்தது. பொதிகைச்சாரல் மருத்துவ அறக்கட்டளையின் ஒன்பது மருத்துவமனைகளுக்கும் அந்த அறையில் இருந்த ஒற்றைப் பெரிய கணினிதான் மூளை. மெயின்ஃபிரேம் என்பார்கள். தென்காசியில் ஒருவருக்குப் புறநோயாளிச் சீட்டுப் போட்டாலும், கோவில்பட்டியில் ஒருவருக்கு ரத்தம் தேடினாலும், கேள்வி இங்கே வந்துதான் பதிலாகத் திரும்பும்.

இயந்திரத்தின் சத்தம் சற்று மாறினாலே அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். பெரும்பாலும் அவர் நினைத்த இடத்தில்தான் கோளாறு இருக்கும். அந்த நம்பிக்கை அவர் நடையிலேயே தெரியும்.

அந்த வருடம் கணினிக்குப் புதிதாக ஒரு நிரல் வந்தது. வேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிரல். அதற்கு மூன்று விஷயம் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன வேலை, எவ்வளவு நேரத்துக்குள் பதில் போக வேண்டும், நெருக்கடி வந்தால் எது முக்கியம். மற்றதை அது பார்த்துக்கொள்ளும். எழுதிக் கொடுக்கும் பொறுப்பைப் பதவி உயர்வோடு சேர்த்து மாசானமுத்துவிடம் கொடுத்தார்கள்.

கற்றுக்கொடுக்க வேண்டியவர் ஹபீபா. மேலப்பாளையத்துக்காரர். வயது முப்பத்தொன்பது. கணினியின் வேகத்துக்கு அவர்தான் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். தன்னைவிடப் பதின்மூன்று வயது குறைந்தவரிடம் பாடம் கேட்பதில் மாசானமுத்துவுக்குக் கூச்சம் இருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராகவே கேட்டார்.

"மேடம், எவ்வளவு நேரம்னு எழுதணும்? சொல்லுங்க, எழுதிருதேன்."

"நீங்க என்ன நினைக்கீங்க அண்ணாச்சி?"

"கவுண்டர்ல பொத்தானை அமுக்கினா அரை நொடில பதில் போகணும். ஒன்பது ஆஸ்பத்திரிக்கும். முக்கியத்துல முதல் இடம். ஜனங்க வரிசையில நிக்காங்க. மத்த வேலையெல்லாம் மிச்சத்துல ஓடட்டும்."

"ஏன் அரை நொடி?"

"நம்ம மெஷினால முடியும் மேடம். எனக்குத் தெரியாதா?"

ஹபீபா தாளை வாங்கிப் பார்த்தார். திருத்தவில்லை.

"திங்கட்கிழமை காலைல போட்டுப் பாப்போம். நான் அன்னைக்கு இங்க இருக்கமாட்டேன். தலைமை மருத்துவமனை லேப்ல இருப்பேன். நம்பர் தெரியும்ல?"

"தெரியும் மேடம். கவலைப்படாதீங்க."

திங்கட்கிழமைதான் கூட்டம் அதிகம். எட்டரைக்கு மாசானமுத்து தன் தாளில் இருந்ததைக் கணினிக்குக் கொடுத்தார். ஒன்பது மணிக்கு முந்நூறுக்கு மேற்பட்ட திரைகளில் இருந்து கேள்விகள் வரத் தொடங்கின. அவர் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக முக்கால் நொடியில் போகும் பதில் கொஞ்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தது. அரை நொடியை மட்டும் தொடவில்லை. தொடாதவரை கணினியும் விடவில்லை. மற்ற வேலைகளின் கையில் இருந்ததையெல்லாம் பிடுங்கிக் கவுண்டருக்கே கொடுத்தது.

"வா, வா" என்றார் மாசானமுத்து திரையிடம்.

பத்து மணி ஆகி எட்டு நிமிடத்தில் ஹபீபாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, லேப்ல இருந்து ஒரு முடிவுகூட வார்டுக்குப் போகல. ஆறு நிமிஷம் ஆச்சு."

மாசானமுத்து வேறொரு திரையைத் திருப்பினார். லேப் முடிவுகளை அனுப்பும் வேலை உயிரோடுதான் இருந்தது. ஓடத்தான் அதற்கு இடமில்லை. நாற்பத்தேழு முடிவுகள் நின்றிருந்தன.

"பழையதுக்கு மாத்துங்க" என்றார் ஹபீபா. குரலில் அவசரமோ கோபமோ இல்லை.

அவர் மாற்றினார். இரண்டு நிமிடத்தில் நாற்பத்தேழும் போய்ச் சேர்ந்தன. ஆனால் அவர் சட்டை நனைந்துவிட்டது, அந்தக் குளிரிலும்.

மதியம் ஹபீபா திரும்பி வந்ததும் எழுந்து நின்றார்.

"ஆபரேஷனுக்குக் காத்திருந்தவங்க யாராவது இருந்தாங்களா மேடம்?"

"ரெண்டு பேர்."

"அய்யோ."

"அவங்க முடிவு நேரத்துக்குப் போயிருச்சு. இன்னைக்கு எல்லா முடிவையும் கையாலயும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கணும்னு லேப்ல நேத்தே சொல்லி வெச்சிருந்தேன்."

மாசானமுத்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"ஆகலாம்னு தெரியும்."

"சொல்லியிருக்கலாமே மேடம்?"

"கவுண்டர்ல எவ்வளவு வேகம் கூடிச்சு அண்ணாச்சி?"

அவர் தாளைப் பார்த்தார். "முக்கால் நொடி இருந்தது. கொஞ்சம் குறைஞ்சுது. நொடியில நூத்துல பத்துப் பங்கு."

"அந்தப் பத்துப் பங்கைக் கேட்டது யாருன்னு பாத்துட்டு வாங்க. தென்காசியில முதல் கவுண்டர்ல கோமதின்னு ஒருத்தங்க இருக்காங்க. ஒருநாள் காலை பூரா அவங்க பின்னாடி ஒரு ஸ்டூல் போட்டு உக்காருங்க. மெஷினைப் பாக்காதீங்க. அவங்களைப் பாருங்க."

வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் மாசானமுத்து தென்காசிக்குப் போனார். இருபத்து நான்கு வருடத்தில் அவர் ஒரு கவுண்டரின் உட்புறத்தைப் பார்த்ததில்லை. கோமதிக்கு நாற்பது வயதிருக்கும். வேகமான கை. முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"பாளையங்கோட்டைல இருந்தா வாரீங்க? நல்லது. அந்த ஸ்டூல் ஆடும், பாத்து உக்காருங்க."

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. பெயர், வயது, அட்டை எண். பொத்தான். பதில். சீட்டு. அடுத்தவர். மாசானமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பொத்தானை அமுக்கிய கையோடு கோமதி அச்சு இயந்திரத்தில் இருந்து முந்தைய சீட்டைக் கிழித்து நீட்டினார். அந்த வேலைக்கே ஒரு நொடிக்கு மேல் ஆனது. அவர் கண் திரைக்குத் திரும்பும்போது பதில் வந்து உட்கார்ந்திருக்கும்.

"மெஷின் வேகமா இருக்கா அம்மா?" என்று கேட்டார்.

"அதைப் பத்தி நான் நினைக்கவே இல்ல, சார்" என்றார் கோமதி.

திங்கட்கிழமை காலை கணினியை அவர் எப்படி விரட்டினார் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஸ்டூல் ஒருமுறை ஆடியது.

ஒன்பதரை மணிக்கு ஒரு பெண் வந்தார். இடுப்பில் குழந்தை. குழந்தைக்கு நல்ல காய்ச்சல், கண்ணைத் திறக்காமல் தோளில் சாய்ந்திருந்தது. அட்டை தொலைந்துவிட்டது என்றார். குழந்தையின் பெயர் மாரியம்மாள். தென்காசியில் எத்தனை மாரியம்மாள்கள் இருக்கிறார்கள்! கோமதி பெயரைத் தட்டிப் பொத்தானை அமுக்கினார். திரை அப்படியே நின்றது.

ஐந்து நொடி. கோமதி மறுபடி அமுக்கினார். எட்டு நொடி. மறுபடி, மறுபடி. ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் அதே கேள்வி இன்னொரு முறை பாளையங்கோட்டைக்குப் போய் வரிசையில் நிற்கும் என்பது மாசானமுத்துவுக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். அந்த நாற்காலியில் அவர் இருந்திருந்தாலும் அமுக்கித்தான் இருப்பார்.

"மெஷின் உறங்கிட்டு. யம்மா, நீ நாலாம் கவுண்டருக்குப் போ. அங்க சட்டுனு வரும்" என்றார் கோமதி.

நாலாம் கவுண்டரில் இருபது பேர் நின்றார்கள். அந்தப் பெண் கடைசியில் போய் நின்றார். அவர் நகர்ந்த மூன்றாவது நொடியில் திரையில் பதில் வந்தது. கோமதி அதை அழித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மாசானமுத்து எழுந்தார். நாலாம் கவுண்டர் வரிசைக்குப் போய்க் குழந்தையோடு நின்றவரைக் கூட்டி வந்தார். "இவங்களுக்குப் பதில் வந்துட்டும்மா. திரும்பத் தட்டுங்க. இந்தத் தடவை ஒரே ஒரு தடவை அமுக்குங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் பொறுப்பு."

ஒன்பது நொடி ஆனது. கோமதி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சீட்டு வந்தது.

"ஒரு நாளைக்கு இந்த மாதிரி எத்தனை வரும்?"

"நூறு பேர் வந்தா நாலஞ்சு பேரு. அட்டையைத் தொலைச்சவங்க. தொலைச்சவங்கன்னா யாரு, ரொம்ப முடியாதவங்கதான் சார். அட்டையைத் தேடவா நேரம் இருந்திருக்கும்?"

மறுநாள் அவர் ஹபீபாவின் மேசைக்கு வந்தபோது கையில் புதுத் தாள் இருந்தது. இந்தமுறை அவர் உட்காரவில்லை.

"மேடம், நம்ம கணக்குல தென்காசி கவுண்டருக்குச் சராசரி ஒரு நொடின்னு இருக்கு. அந்தச் சராசரியில ஒருத்தர்கூட இல்ல. பெரும்பாலானவங்களுக்கு அதுக்கும் கீழ. நாலஞ்சு பேருக்குப் பன்னிரண்டு நொடி. ரெண்டையும் சேத்துக் கலக்கி ஒரு நொடின்னு எழுதி வெச்சிருக்கோம்."

"அதனால?"

"சராசரியை எடுத்துட்டேன். நூறு பேருல தொண்ணூத்தஞ்சு பேருக்கு ஒரு நொடிக்குள்ள பதில். அவ்வளவுதான். அரை நொடி யாருக்கும் வேணாம். கோமதியம்மா சீட்டைக் கிழிக்கவே ஒரு நொடி ஆகும்."

"மீதி அஞ்சு பேர்?"

"அவங்களைத்தான் தேடிப் பிடிச்சேன் மேடம். நேத்து பதிவு முழுக்கப் பாத்தேன். அஞ்சுல நாலு பேர், பேரை வெச்சுத் தேடினவங்க. அது சீட்டுப் போடுத வேலையே இல்ல. வேற வேலை. அதைப் பிரிச்சுத் தனியா எழுதிட்டேன். நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு ஆறு நொடிக்குள்ள. திரையில 'தேடிக்கிட்டு இருக்கு, அமுக்க வேண்டாம்'னு ஒரு வரி வர்ற மாதிரியும் செய்யச் சொல்லிட்டேன்."

ஹபீபா தாளில் விரலை வைத்தார். "நாலு பேரைப் பிரிச்சாச்சு. இன்னும் ஒருத்தர் இருக்காரே."

"அவருக்கு என்ன காரணம்னே தெரியல மேடம். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு. அவரையும் சேத்து நூத்துக்கு நூறுன்னு எழுதிரவா? அவர் ஒருத்தருக்காக மெஷின் மத்தவங்க கையில இருக்கறதையெல்லாம் பிடுங்கும். திங்கட்கிழமை மாதிரி."

"வேணாம்."

"அப்போ அவருக்கு யாரு?"

"கோமதி இருக்காங்கல்ல, பாத்துக்கிடுவாங்க" என்றார் ஹபீபா.

பிறகு தாளின் வலது ஓரத்துக்குப் போனார். முக்கியத்துவம் எழுதும் இடம். கவுண்டர் ஒன்று. பெயர் தேடல் ஒன்று. ரத்த வங்கி ஒன்று. லேப் முடிவுகள் ஒன்று. மேலிருந்து கீழ்வரை ஒன்று, ஒன்று என்றே இறங்கியது.

"நாளைக்கு எல்லாம் ஒரே நேரத்துல வந்து நின்னா மெஷின் யாருக்கு வழி விடும்?"

"எல்லாம் ஆஸ்பத்திரி வேலை மேடம். ஒருவாட்டி லேப்பைத் தள்ளிவிட்டுப் பட்டாச்சு. இனி யாரைக் கடைசின்னு எழுத?"

"நீங்க எழுதலைன்னா?"

அவர் யோசித்தார். "மெஷினுக்குத் தெரியாது. யாரோ ஒருத்தர் தன்னால கடைசியாவாங்க."

"அப்போ எழுதுங்க. ஆனா ஒரு விஷயம். யாரைக் கடைசியா எழுதப் போறீங்களோ, அவர்கிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்து எழுதுங்க."

அன்றைக்கு முழுதும் மாசானமுத்து அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்த வங்கியை முதலில் போட்டார். அதில் தயக்கம் இல்லை. லேப் அதற்கு அடுத்து. கவுண்டரும் பெயர் தேடலும் மூன்றாவது. கடைசியில் ஒரே ஒரு வேலை மிஞ்சியது. ஒன்பது மருத்துவமனைகளிலும் அன்றன்றைக்கு எந்த நோய்க்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று தொகுக்கும் வேலை. அது டாக்டர் சவரிராயனுடையது.

சனிக்கிழமை காலை அவர் டாக்டரின் அறைக்குப் போனார். சுவர் முழுக்க வரைபடத் தாள்கள். டாக்டர் ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஏதோ எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மாசானமுத்து தன் பெயரையும் வேலையையும் சொன்னார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

"டாக்டர், நெருக்கடி வந்தா உங்க வேலைதான் கடைசின்னு எழுதப் போறேன். அதைச் சொல்ல வந்தேன்."

டாக்டர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"கடைசியா?"

"ஆமா டாக்டர்."

"பதினோரு வருஷமா என் வேலை கடைசிதான். அதை ஒருத்தர் வந்து என் முகத்தைப் பாத்துச் சொல்றது இதுதான் முதல் தடவை. உக்காருங்க."

மாசானமுத்து உட்கார்ந்தார்.

"ரத்தம் தேடறவங்களுக்கு முன்னாடி என்னை விடுங்கன்னு நான் கேப்பேனா? கடைசின்னே எழுதுங்க. ஆனா கடைசின்னா எப்போ?"

மாசானமுத்து தாளைப் பார்த்தார். அந்த வரியில் நேரத்துக்கான இடத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தார்.

"மிச்சம் இருக்கும்போது..." என்று இழுத்தார்.

"அதைத்தான் பதினோரு வருஷமாச் சொல்லுதாங்க. இங்க பாருங்க." டாக்டர் எழுந்து ஒரு வரைபடத்தில் விரலை வைத்தார். "போன வருஷம் ஐப்பசியில சங்கரன்கோவில் பக்கம் காய்ச்சல் ஏறிச்சு. எண்ணிக்கை என் கைக்கு நாலு மணிக்குள்ள வந்தா, வண்டிக்காரங்களைப் பிடிச்சுச் சொல்லிருவேன். மறுநாள் விடிஞ்சதும் மருந்தோட வண்டி அந்த ஊருக்குப் போகும். நாலு மணி தாண்டினா அவங்க வீட்டுக்குப் போயிருவாங்க. வண்டி அதுக்கு மறுநாள். அந்த ஒரு நாள்ல இந்தக் கோடு எங்க போயிருக்கு பாத்தீங்களா?"

கோடு செங்குத்தாக ஏறியிருந்தது.

"எனக்கு வேகம் வேணாம். நாலு மணி போதும். மூணு மணிக்குக் கொடுத்தாலும் நான் ஒண்ணும் கூடுதலாச் செய்யப் போறதில்ல."

மாசானமுத்து சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்து, வெறுமையாக இருந்த இடத்தில் நாலு மணி என்று எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். கையெழுத்துக்கு அங்கே தேவையே இல்லை.

ஹபீபா அந்தத் தாளைப் படித்துவிட்டு, "திங்கட்கிழமை போட்டிருங்க" என்றார். அந்தத் திங்கட்கிழமை அவர் லேப்புக்குப் போகவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்து வேறு வேலை பார்த்தார்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. கவுண்டர் பதில்கள் ஒரு நொடிக்குள்ளேயே இருந்தன. பெயர் தேடல் ஐந்தில் இருந்து ஆறு நொடி. டாக்டரின் எண்ணிக்கை மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது. மாசானமுத்து பழையபடி நிமிர்ந்து நடந்தார்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கயத்தாறு பக்கத்தில் இரண்டு பஸ்கள் மோதிக்கொண்டன. காயம்பட்ட முப்பத்தொரு பேரை மூன்று மருத்துவமனைகளுக்குப் பிரித்து ஏற்றினார்கள். கால்மணி நேரத்தில் ரத்த வங்கித் திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. எந்த ஊரில் எந்த வகை, எத்தனை பை, பொருத்தம் பார்த்தாயிற்றா, வண்டி கிளம்பிற்றா. வழக்கமாக ஒரு நாள் முழுதும் வரும் கேள்விகள் இருபது நிமிடத்தில் வந்தன.

இயந்திரத்தின் சத்தம் மாறியது. மாசானமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஆனால் எழவில்லை. அவர் எழுதிக் கொடுத்ததைக் கணினி செய்துகொண்டிருந்தது. முதலில் டாக்டரின் எண்ணிக்கை நின்றது. பிறகு கவுண்டர் மெதுவானது. ஒன்றரை நொடி. இரண்டு. மூன்று. ரத்த வங்கிக்கு மட்டும் பதில் ஒரு நொடிக்குள் போய்க்கொண்டே இருந்தது. லேப் முடிவுகள் ஒன்றுகூட நிற்கவில்லை.

அறக்கட்டளை இயக்குநரிடமிருந்து போன் வந்தது.

"மாசானமுத்து, கவுண்டர்ல மூணு நொடி ஆகுதாமே? நாலு ஆஸ்பத்திரில இருந்து கூப்பிட்டுட்டாங்க."

"ஆமா சார். ரத்த வங்கிக்கு வழி விட்டிருக்கு."

"யாரைக் கேட்டு விட்டீங்க?"

ஹபீபா இரண்டு மேசை தள்ளித்தான் இருந்தார். கையை நீட்டினால் போனைக் கொடுத்துவிடலாம். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் கொடுத்திருப்பார்.

"நான்தான் எழுதினேன் சார். கவுண்டர்ல நிக்கறவங்க மூணு நொடி பொறுக்கலாம். ரத்தத்துக்கு நிக்கறவங்க முடியாது."

இயக்குநரின் குரல் சற்று இறங்கியது.

"எவ்வளவு நேரம் இப்படி?"

"ஒரு மணிக்குள்ள சரியாயிரும். ஆகலைன்னா நீங்க கூப்பிட வேண்டாம். நானே கூப்பிட்டுச் சொல்லுதேன்."

"சரி" என்று போனை வைத்தார் இயக்குநர். ஹபீபா தன் முன்னால் இருந்த தாளைத் திருப்பினார்.

கோவில்பட்டியில் ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் தேவைப்பட்டது. தென்காசியில் இரண்டு பை இருப்பதாகப் பதில் போனது. அந்தப் பதில் போன நேரத்தை மாசானமுத்து பிறகு பதிவில் பார்த்தார். முக்கால் நொடி. வண்டி பன்னிரண்டு மணிக்கு முன்னால் கிளம்பிவிட்டது. ஏற்றிய முப்பத்தொரு பேரில் இரண்டு பேர் வழியிலேயே போய்விட்டார்கள். மற்ற இருபத்தொன்பது பேரும் பிழைத்தார்கள்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கவுண்டர் மறுபடி ஒரு நொடிக்குத் திரும்பியது. மாசானமுத்து இயக்குநரைக் கூப்பிட்டுச் சொன்னார். சாப்பிடப் போகலாம் என்று எழுந்தவர், கடைசி வரியைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

டாக்டரின் எண்ணிக்கை இப்போதுதான் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தார். நாலு மணிக்கு முடியாது. ஐந்து, ஐந்தரை ஆகும். அதை மேலே தூக்கிவிட ஒரு கட்டளை போதும். கை விசைப்பலகைக்குப் போனது. லேப்பில் அப்போதும் அறுபது முடிவுகள் ஓடிக்கொண்டிருந்தன. கையை எடுத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"டாக்டர், மாசானமுத்து. நாலு மணின்னு எழுதியிருந்தேன். இன்னைக்கு அஞ்சரை ஆகும்."

"விபத்தா?"

"ஆமா டாக்டர்."

"அஞ்சரை நிச்சயமா?"

"நிச்சயம். அதுக்கு மேல போகாது."

"இப்போ மணி ஒண்ணுதானே. வண்டிக்காரங்களை ஆறு வரைக்கும் இருக்கச் சொல்லிருதேன். காலைல வண்டி போயிரும். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

எண்ணிக்கை ஐந்து இருபதுக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் மாசானமுத்து ஹபீபாவின் மேசைக்கு வந்தார். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கையில் அதே தாள் இருந்தது. நாலு மணி என்று எழுதிய இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

"மேடம், எல்லாம் சரியா நின்னுது. இது ஒண்ணு தவறிட்டு. நான் எழுதின நேரம் தப்பா? அஞ்சரைன்னு மாத்தி எழுதிரவா? இல்ல, முக்கியத்துல ஒரு படி ஏத்தவா?"

ஹபீபா தாளை வாங்கினார். வட்டத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு வராதுன்னு முதல்ல தெரிஞ்சது யாருக்கு? உங்களுக்கா, டாக்டருக்கா?"

"எனக்குத்தான் மேடம். நான் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரியும்."

"எப்போ சொன்னீங்க?"

"ஒரு மணிக்கு."

ஹபீபா தாளை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ நாலு மணி சரிதான் அண்ணாச்சி. அது எழுதி இருந்ததாலதான் ஒரு மணிக்கே சொல்ல முடிஞ்சுது. போய்ச் சாப்பிடுங்க."